விறகு வண்டியில் வந்த மரவாழை

எங்கள் வீட்டுக்கு அந்தச் செடி விறகோடு விறகாகத்தான் வந்தது. ஐப்பசியின் துலாமழை ஓய்ந்த பிறகு நெடுமங்காட்டுப் பக்கத்திலிருந்து விறகு வண்டிகள் திருவனந்தபுரத்தில் எங்கள் ஸ்ரீவராகத்துத் தெருக்களுக்கு வரும். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே பெண்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுவார்கள். ஈரவிறகை மேலுக்குக் காய்ந்த விறகால் மூடிக் கொண்டுவருகிறார்கள் என்பது எங்கள் தெருவின் நிரந்தரமான சந்தேகம். அம்மா ஒவ்வொரு கட்டையையும் விரலால் சுண்டிப் பார்ப்பாள். அப்பா சமஸ்தானத்து ஆபீசான ஹஜூர் கச்சேரிக்கு வேலைக்குப் போயிருப்பார். ஆகவே விறகை இறக்கி, கொல்லைக்குக் கொண்டுபோய்ப் பிளந்து அடுக்க வைக்கும் பொறுப்பு அந்த வருஷம் மாமாவின் தலையில் விழுந்தது.

மாமா என்றால் அம்மாவின் ஒரே தம்பி. தாமிரபரணிக் கரையில் இருந்த ஊரிலிருந்து, இண்டர்மீடியட் முடித்த கையோடு, வேலை தேடித் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். வரும்போது ஒரு தகரப்பெட்டியும் ஒரு ஜமக்காளமும் கொண்டுவந்திருந்தார். அப்பா கச்சேரியில் இருப்பதால் சீக்கிரமே ஏதாவது ஒரு குமாஸ்தா வேலை ஆகிவிடும் என்று ஊரில் எல்லாரும் நினைத்திருந்தார்கள். ஆனால் மாமா வெள்ளைக்காரன் ஆளும் சீமையிலிருந்து வந்தவர், இது மகாராஜா ஆளும் சமஸ்தானம். சமஸ்தானத்துப் பையன்களே மனுவை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது திருநெல்வேலிக்காரனுக்கு யார் கொடுப்பார்கள்? ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்தத் தகரப்பெட்டி எங்கள் கூடத்து மூலையிலேயே இருந்தது.

எனக்கு அப்போது எட்டு வயது. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட்டு, திரும்ப அழைத்துவந்து, பாதி வழியில் நான் கால் வலிக்கிறது என்றால் தூக்கிக்கொண்டும் வரும் மாமா ஒருவர் பகல் முழுவதும் வீட்டிலேயே இருப்பது பெரிய பாக்கியமாக எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கு அது அப்படித் தோன்றியிருக்க நியாயமில்லை.

அன்றைக்கு இறக்கிய விறகில் ஒரு பெரிய கட்டையில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. வாழைக்குட்டியைச் சுருக்கி, இலைகளைத் தோல்வார் மாதிரித் தடிப்பாக்கி, இரண்டு பக்கமும் வரிசையாக வைத்தது போல இருந்தது. அடியிலிருந்து வெள்ளை வெள்ளையாக, சுண்டுவிரல் பருமனில் வேர்கள் கிளம்பிக் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தன. மாமா குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார். வண்டிக்காரர் மலையாளி. அவர் அலட்சியமாக, "அது மரவாழயாணு சாமீ. களஞ்ஞேக்கு. கத்தத்தில்ல" என்றார்.

மாமாவுக்கு மலையாளம் இன்னும் பிடிபடவில்லை. "செடி எங்கயாவது கத்துமா? இவர் என்ன சொல்றார்?" என்று என்னைக் கேட்டார். எரியாது, தூக்கிப் போடுங்கள் என்று சொல்கிறார் என்று நான் சிரித்துக்கொண்டே விளக்கினேன். எரியாத ஒன்றை விறகுக்காரரே வேண்டாம் என்கிறபோது அதை எடுத்துவைத்துக்கொள்ள எங்கள் தெருவில் மாமா ஒருவருக்குத்தான் தோன்றியிருக்கும். கட்டையை இரண்டு பக்கமும் வெட்டச் சொல்லி, செடி ஒட்டிய துண்டை மட்டும் தனியாக எடுத்துக் கிணற்றடியில் வைத்தார்.

செடி என்றால் மண்ணில் இருக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்சி. ஓட்டை விழுந்த பழைய பானை ஒன்றை அவளே தேடிக் கொடுத்தாள். மண்ணும் சாணமும் போட்டுக் கட்டையோடு புதைத்து, நாள்தோறும் ஒரு செம்பு தண்ணீர் விட்டோம். கொஞ்ச நாளில் வேர்கள் கறுத்து, தொட்டால் பிசுபிசுவென்று வந்தன. மாமா ஒரு மத்தியானம் மிருகக்காட்சிசாலையை அடுத்த பெரிய தோட்டத்துக்குப் போய், இதே ஜாதிச் செடிகளை அங்கே எப்படி வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்தார். வந்த வேகத்தில் பானையைக் கவிழ்த்துவிட்டார்.

"அக்கா, இதுக்கு மண்ணே ஆகாது. காத்தும் மழையும் போதும். மரத்துல ஒட்டிண்டு இருக்கணும்" என்றார்.

அழுகின வேர்களைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மிச்சத்தைக் கொல்லை மாமரத்தின் கிளை பிரியும் இடத்தில் வைத்து, கொஞ்சம் தேங்காய் நாரை அடியில் கொடுத்து, வாழைநாரால் கட்டினார். அதற்கு என்ன உரம் போடவேண்டும் என்று அம்மா கேட்டபோது அரிசி களைந்த தண்ணீர் போதும் என்று சொன்னார். தோட்டக்காரர் சொன்னது மீன் கழுவின தண்ணீர். அதை எனக்கு மட்டும் சொல்லி, அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார்.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் மாமா செம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போவார். ஊற்ற மாட்டார். உள்ளங்கையில் வாங்கித் தெளிப்பார். வெள்ளையாக இருக்கும் வேர்கள் நனைந்த உடனே பச்சையாக மாறும். அதைப் பார்ப்பதற்காகவே நான் பல் தேய்த்துக்கொண்டே அங்கே போய் நிற்பேன். மார்கழி வாக்கில் புதிதாக ஒரு வேர் கிளம்பி, பல்லி சுவரைப் பிடிப்பதுபோல மரப்பட்டையைப் பிடித்துக்கொண்டது. அன்றைக்கு மாமா பழவங்காடிக்குக் காய்கறி வாங்கப் போனவர், எனக்காக முறுக்கு வாங்கிவந்தார்.

அந்த மாமரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அது கோட்டுக்கோணம் ஜாதி. பழம் சிவந்து, நாரில்லாமல், வீடு முழுக்க மணக்கும். வருஷாவருஷம் முதலில் பழுக்கும் பழங்களை அப்பா ஓலைக்கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை தாமே சுமந்துகொண்டு தம் மேலதிகாரியின் வீட்டுக்குப் போவார். நாங்கள் அதற்குப் பிறகுதான் ருசி பார்க்கலாம். அந்த வருஷம் கூடையோடு மாமாவையும் கூட்டிக்கொண்டு போவதாக அப்பா தீர்மானித்திருந்தார். அதிகாரி மனசு வைத்தால் சமஸ்தானத்துக்காரன், வெளியூர்க்காரன் என்பதெல்லாம் கொஞ்சம் தளரும் என்பது அவருடைய கணக்கு. அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக மாமாவின் ஒரே நல்ல கோட்டைத் துவைத்து மடித்து வைத்திருந்தாள்.

மலையாளத்து மகர மாதத்தில், அதாவது தையில், மரம் பூத்தது. இலையே தெரியாமல் பூத்தது. பிறகு காலமில்லாத காலத்தில் ஒரு மழை பெய்தது. விடாமல் பெய்து, மறுபடியும் பெய்தது. பூவெல்லாம் கறுத்து உதிர்ந்து கிணற்றடி முழுக்க மிதிபட்டது. சித்திரையோடு மேட மாதம் பிறந்தபோது மரத்தின் உச்சியில் அணிலுக்கு எட்டுகிற உயரத்தில் மட்டும் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் காய் தெரிந்தது.

பக்கத்து வீட்டு மாமி கிணற்றுச் சுவருக்கு மேலாக மரத்தைப் பார்த்துவிட்டு, "புல்லுருவியைக் கொண்டுவந்து வச்சுக் கட்டியிருக்கேளே, பின்னே மரம் எப்படியாக்கும் காய்க்கும்?" என்று அம்மாவிடம் கேட்டாள். காலம் தப்பி வந்த மழை அவளுடைய துணிகளையும்தான் நனைத்தது. ஆனால் மழையைக் குற்றம் சொல்வதில் யாருக்கும் சுவாரசியம் இல்லை.

அன்று சாயங்காலம் அப்பா கச்சேரியிலிருந்து வந்து, கோட்டைக் கழற்றி மாட்டாமலே கொல்லைக்குப் போனார். அத்தனை மாதமாக அந்தச் செடி அங்கே இருந்ததை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. இப்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா கிணற்றில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். மாமா துளசிக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருந்தார்.

"இதை யார் இங்க கட்டினா?"

"நான்தான் அத்திம்பேர்" என்று மாமா எழுந்து வந்தார். "இது புல்லுருவி இல்லை. மரத்துக்குள்ள வேர் விடாது. மேல ஒட்டிண்டிருக்கும், அவ்வளவுதான்."

"ஒட்டிண்டிருக்குமாக்கும்."

"ஆமாம். மரத்துக்கு ஒரு நஷ்டமும் கிடையாது."

அப்பா செடியை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்தார். "நஷ்டம் கிடையாதுன்னு ஒட்டிண்டிருக்கிறது சொல்லும். அதுக்கென்ன. மரத்தைக் கேட்டாத்தானே தெரியும்" என்றார். பிறகு, சத்தத்தைக் குறைத்து, "உனக்காகத்தான் இந்த வருஷம் இந்த மரத்தை நம்பியிருந்தேன்" என்றார்.

அம்மாவின் கையில் கயிறு நின்றுவிட்டது. வாளி பாதிக் கிணற்றில் தொங்கிற்று. மாமா கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு உள்ளே போனார். கேட்காமல் மரத்தில் செடி கட்டியதற்காக மாமாவுக்குத் திட்டு விழுந்தது என்று நான் புரிந்துகொண்டேன். நானும் அடிக்கடி கேட்காமல் எதையாவது செய்து திட்டு வாங்குகிறவள் என்பதால் அவரிடம் எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டாயிற்று.

மறுநாளிலிருந்து மாமாவின் சாப்பாடு குறைந்துபோயிற்று. ரசத்துக்கு மறுசாதம் கேட்டு வாங்குகிறவர், அம்மா கரண்டியை நீட்டினால் இலைமேல் கையை வைத்து மறைத்தார். காலையில் செடிக்குத் தண்ணீர் தெளித்தவுடன் சட்டையை மாட்டிக்கொண்டு வாசகசாலைக்குப் போய்விட்டு, வெயில் தாழ்ந்த பிறகுதான் வருவார். செடியைப் பற்றிய கவலை என்று நினைத்தேன். அப்பா அதை வெட்டிப் போட்டுவிடுவார் என்று பயப்படுகிறார் போலிருக்கிறது. யாராவது அப்பாவிடம் நியாயத்தை எடுத்துச் சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் பக்கத்தில் பக்கத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேலதிகாரி வீட்டுக்குப் போயிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமை அது. நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். குழம்பு முடிந்து ரசம் வரும் சமயம்.

"அப்பா" என்றேன். "அது மரத்துகிட்டேருந்து ஒண்ணும் எடுத்துக்கறதில்லை. நான் தெனம் பாக்கறேன். அதுக்குச் சாப்பாடெல்லாம் வேண்டாம். உக்காந்துக்க ஒரு இடம் குடுத்தாப் போதும். இடம் குடுத்தா என்னப்பா? நம்மகிட்டத்தான் இடம் இருக்கே."

அம்மா ரசப் பாத்திரத்தை ஏந்தியபடியே நின்றாள்.

"இதை உனக்கு யார் சொல்லிக் குடுத்தா?" என்று அப்பா கேட்டார்.

"யாரும் சொல்லலை. நானேதான்."

அப்பா அம்மாவைப் பார்த்தார். "கொழந்தைய விட்டு எனக்குச் சொல்ல வேண்டாம். சொல்றதுன்னா நேரா சொல்லலாம்."

"நான் ஒண்ணும் சொல்லிக் குடுக்கலை" என்றாள் அம்மா. அவள் குரல் எனக்குத் தெரியாத குரலாக இருந்தது. மாமா, "அக்கா, எனக்கு மோர் போதும்" என்றார். நான் இவ்வளவு நன்றாக வாதாடியும் யாருக்கும் சந்தோஷம் உண்டாகாதது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

கை கழுவிவிட்டு வந்த பிறகு மாமா கூடத்துத் தூணருகில் நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். வாசகசாலையில் பழக்கமான ஒருவர் மூலம் தகவல் கிடைத்ததாம். பொன்முடிக்குப் போகும் வழியில் ஒரு தேயிலைத் தோட்டம். அங்கே ஆபீசில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஆள் வேண்டுமாம். மாமா போய்ப் பார்த்துப் பேசிவிட்டும் வந்திருந்தார். அவர் வாசகசாலையில் இருப்பதாக நாங்கள் நினைத்த ஒரு நாளில் மலையில் இருந்திருக்கிறார்.

அம்மா ஒவ்வொன்றாகத் தடை சொன்னாள். மலைக்காய்ச்சல் வரும். அட்டை கடிக்கும். அந்தக் குளிரில் விடியற்காலையில் எப்படிக் குளிப்பது? சமைத்துப் போட யார் இருக்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் மாமா, "பாத்துக்கலாம் அக்கா" என்றார். அப்பா போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். அன்றைக்குக் காற்று நன்றாகத்தான் வீசிக்கொண்டிருந்தது.

புறப்படுவதற்கு முதல்நாள் மாமா செடியை மரத்திலிருந்து எடுத்தார். வேர்கள் அதற்குள் பட்டையோடு பட்டையாகப் பிடித்துக்கொண்டிருந்தன. மெதுவாக, கத்தியின் முனையை விட்டு விட்டு நெம்பியும் பாதி வேர் அறுந்துபோயிற்று. அதை ஒரு தேங்காய் மட்டையில் வைத்துக் கட்டி, கிணற்றடியை ஒட்டிய ஓட்டுச் சார்ப்பின் கீழே கம்பி போட்டுத் தொங்கவிட்டார். "இனிமே மரத்துக்கு ஒரு தொந்தரவும் இல்லை, பாத்தியோ" என்று என்னிடம் சொல்லிச் சிரித்தார். வழக்கு சமாதானமாக முடிந்தது என்று நானும் சிரித்தேன்.

காலையில் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டு பஸ் ஏறினார். அவருடைய தகரப்பெட்டி இருந்த மூலையில் தரை மட்டும் கொஞ்சம் வெளுப்பாகத் தெரிந்தது.

மாமா போன பிறகு வீடு அமைதியாகிவிட்டது. அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டதில்லை. சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "இலை போட்டாச்சு", "பால்காரன் வந்தான்", "குடையை எடுத்துக்கணும்" என்கிற மாதிரி, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய வார்த்தைகளை மட்டுமே அம்மா அப்பாவிடம் பேசினாள். தம்பியிடமிருந்து கார்டு வந்ததா என்று அப்பா கேட்பார். வந்தது என்பாள். என்ன எழுதியிருக்கிறான் என்பார். சௌக்கியமாக இருக்கிறானாம் என்பாள். அவ்வளவோடு அது முடிந்துவிடும்.

செடிக்கு அரிசி களைந்த தண்ணீரைத் தெளிக்கும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். மாமா செய்தது போலவே உள்ளங்கையில் வாங்கித் தெளிப்பாள். ஆனாலும் அது தேறவில்லை. இலைகள் சுருங்கி நீளவாட்டில் மடிந்தன. அடியிலிருந்த இலை ஒன்று மஞ்சளாகி விழுந்தது. விழுந்த இலையை அம்மா எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றதை நான் பார்த்தேன்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரத்தில் மழை தொடங்கினால் அது தொடங்கினது போலவே இருக்காது, என்றைக்கும் பெய்துகொண்டிருப்பது போலத்தான் இருக்கும். ஒரு சாயங்காலம் அப்பா தொப்பலாக நனைந்து வந்து, கால் கழுவுவதற்காகக் கிணற்றடிச் சார்ப்பில் நின்றார். கொல்லையில் எல்லாம் நனைந்து பளபளத்துக்கொண்டிருந்தது. அந்த ஒரு செடி மட்டும் ஓட்டுக்கு அடியில், மழைக்கு ஒரு முழம் உள்ளே தள்ளி, வறண்டுபோய்த் தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா அதன் இலை ஒன்றை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார்.

மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு வாழைநார் உரித்துக்கொண்டு வரச் சொன்னார். நான் கொண்டுபோனபோது அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மாமரத்தில் ஏணியைச் சாத்திக்கொண்டிருந்தார். ஏணி ஆடிற்று. அம்மா சமையலறையிலிருந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். அப்பா செடியோடு மேலே ஏறினார்.

"மரத்துக்கு நஷ்டம்னேளே" என்றாள் அம்மா.

"பட்டுப்போனா போறது. மரம் என்னோடதுதானே."

அப்பா நாரைக் கிளையில் சுற்ற ஆரம்பித்தார்.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கமா வைக்கணும். தம்பி அங்கதான் கட்டியிருந்தான்."

"அவன் கட்டின இடத்துல உச்சி வெயில் விழும். அவனுக்கு என்ன தெரியும். இதுதான் இடம்" என்றார் அப்பா, ஏணியின் மேலிருந்து, ஆயுள் முழுக்க மரவாழை வளர்த்தவர் போல. அம்மா சிரித்துவிட்டாள். ஏணியைப் பிடித்திருந்த கை குலுங்கியதில் அப்பா பயந்துபோய்க் கிளையைக் கட்டிக்கொண்டார். மாமா போன பிறகு எங்கள் வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான்.

மழையில் நனைந்து நனைந்து செடி பிழைத்துக்கொண்டது. ஓணம் வருவதற்குள் புது வேர் விட்டது. மழை நின்ற பிறகு அப்பா கச்சேரிக்குப் போகுமுன் அதற்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கினார். எறும்பு ஏறுகிறதா என்று பார்ப்பார். வாசலில் யாராவது செடிகொடிகளைப் பற்றிப் பேசினால், அதிகமாகத் தண்ணீர் விடுவதுதான் தப்பு என்று கருத்துச் சொல்லவும் ஆரம்பித்தார்.

அடுத்த மகரத்தில் மாமரம் பூத்தது. அந்த வருஷம் மழை தன் வேளையில் மட்டும் வந்தது. கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கும்படி காய்த்தது. பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, இதெல்லாம் அந்தச் செடி வந்து சேர்ந்த ராசியாக்கும் என்றாள். முன்பு தான் சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது. அப்பாவும் தமக்கு மறந்துவிட்டது போலவே தலையை ஆட்டினார்.

இடவ மாதம் பிறந்தபோது இலைகளுக்கு நடுவிலிருந்து பச்சையாக ஒரு வால் கிளம்பியது. முதலில் வேர் என்றுதான் நினைத்தோம். அது கீழ்நோக்கி வளைந்து, நெல்மணி போல மொட்டுக்களை வரிசை வரிசையாக வைத்துக்கொண்டு நீண்டது. ஒரு காலையில் போய்ப் பார்த்தால் மேல்பக்கத்து மொட்டுக்கள் விரிந்திருந்தன. நாளாக ஆக முழுவதும் விரிந்து, ஒரு முழ நீளத்துக்கு நரிவால் மாதிரி தொங்கிற்று. வெள்ளைப் பூ. ஒவ்வொன்றிலும் ஊதா நிறத்தில் பொட்டுப் பொட்டாக இருந்தது. பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனால் லேசாக ஒரு மணம். தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் அடம் பிடித்தேன். சுவாமிக்குச் சாத்தலாமா என்று அம்மா யோசித்தாள். கடைசியில் இரண்டும் வேண்டாம், அது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

தெருப் பெண்கள் கொல்லைக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் வீட்டு ஆண்களும் வந்தார்கள். ஒருவர் இதை எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டபோது அப்பா, "என் மச்சினன் வச்சது. மலையில பெரிய தோட்டத்துல உத்தியோகம். கெட்டிக்காரன்" என்றார். அம்மா கதவருகில் நின்று அதைக் கேட்டாள்.

அந்த வாரம் முதல் பழங்கள் பழுத்தன. அப்பா வழக்கம்போல ஓலைக்கூடையில் வைக்கோல் போட்டு அடுக்கினார். மேலதிகாரி வீட்டுக்குத்தான் என்று நான் பேசாமல் இருந்தேன். ஆனால் அவர் கச்சேரிக்கு லீவு சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு நெடுமங்காட்டு பஸ் ஏறிவிட்டார். மாமாவை அழைத்துவரப் போயிருக்கிறார் என்று அம்மா சொன்னாள். நான் மாமாவின் மூலையைப் பெருக்கி வைத்தேன். ஜமக்காளம் விரிக்க இடம் போதுமா என்று படுத்துப் பார்த்தேன்.

மறுநாள் சாயங்காலம் அப்பா தனியாகத் திரும்பி வந்தார். காலிக் கூடையில் ஒரு தேயிலைப் பொட்டலம் இருந்தது. எங்கள் வீட்டில் யாரும் தேயிலை குடிப்பதில்லை.

"கூப்பிட்டேளா?" என்று அம்மா கேட்டாள்.

"கூப்பிட்டேன். நம்மாத்துக்கே வந்துடு, இங்க ஏதாவது பாத்துக்கலாம்னேன். சிரிச்சான். வரலைன்னுட்டான்."

"வேற என்ன சொன்னான்?"

"அத்திம்பேர் ஒரு நாளாவது தங்கிட்டுத்தான் போகணும்னு பிடிச்சு உக்கார வச்சுட்டான். தோட்டத்துல அவனுக்குக் குவார்ட்டர்ஸ் குடுத்திருக்கா. தானே சமைச்சுப் போட்டான், கேட்டியோ." அப்பா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். "ரசத்துல உப்பு ஜாஸ்தி" என்றார். குறை சொல்கிற முகமாக அது இல்லை. அம்மா அதைத் திரும்ப ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அப்பாவே மலையேறிப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை என்றால் மாமாவுக்கு எங்கள்மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்றுதானே அர்த்தம்? இதில் இவர்கள் இரண்டு பேரும் சந்தோஷப்பட என்ன இருக்கிறது?

ஓணத்துக்கு மாமா வந்தார். காலில் பூட்சும், புதிதாகத் தைத்த கோட்டும் போட்டிருந்தார். பெட்டி தகரமில்லை, தோல். எனக்கு ஒரு பாவாடைத் துணி, அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்கு ஒரு கம்பளி. திருவனந்தபுரத்தில் கம்பளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்பா அதைத் தோளில் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார். அம்மா ஓணத்துக்கான அடைப்பிரதமன் பாயசம் செய்தாள். மாமாவை வாசல்பக்கத்து அறையில், விருந்தாளிகளுக்கு விரிக்கும் பாயில் படுக்க வைத்தார்கள். நான் பெருக்கி வைத்திருந்த மூலையை அவர் பார்க்கக்கூட இல்லை. அவரும் அப்பாவும் தோட்டத்துத் துரையைப் பற்றியும் கச்சேரியில் யார் யார் மாறிப்போனார்கள் என்பதைப் பற்றியும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் புகுந்து பேச எனக்கு இடமே கிடைக்கவில்லை.

ஓணம் கழிந்த மறுநாள் லீவு இல்லை என்று புறப்பட்டுவிட்டார். நான் அழுதேன். அம்மாவும் அப்பாவும் பஸ்வரை போய் ஏற்றிவிட்டு வந்தார்கள். அம்மா அழுதுகொண்டே வருவாள், இரண்டு பேருமாகச் சேர்ந்து அழலாம் என்று நான் வாசற்படியில் காத்திருந்தேன்.

அவள் சிரித்துக்கொண்டு வந்தாள். வழியில் மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே போய், புதுப் புடவையைக் கலைத்து மடித்துக்கொண்டே ஏதோ ஒரு கீர்த்தனையை முணுமுணுத்தாள். அப்பா கேட்காமலே அவருக்கு இரண்டாம் டம்ளர் காப்பி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மாமா போயிட்டார். உனக்கு அழுகையே வரலையாம்மா?" என்று கேட்டேன்.

"போகட்டுமே" என்றாள் அம்மா. "நாளைக்குக் கார்த்தால அவனுக்கு ஆபீஸ் உண்டு." அதைச் சொல்லிவிட்டு மறுபடியும் பாட ஆரம்பித்துவிட்டாள்.

ஒரே தம்பி, வந்து ஒரு வாரம்கூடத் தங்காமல் மலைக்குத் திரும்பிப் போயிருக்கிறான். அந்த நாளில் ஒருத்தி பூ வைத்துக்கொண்டு பாடுகிறாள் என்றால் அவளுக்கு மனசில் ஈரமே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. அவளோடு பேசுவதில்லை என்று தீர்மானித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடைப்பிரதமன் மிச்சம் இருக்கிறது, வேண்டுமா என்று அவள் கூப்பிட்டபோதும் காதில் விழாதவள் போல உட்கார்ந்திருந்தேன்.